திரையில் பார்த்த ஊர்களைத் தேடி மழைக்காலத்தில் தனியாகச் சென்ற பயணம்

திரைப்படங்களில் பார்த்து மனத்தில் தங்கிவிட்ட இடங்களை, முதுகுப் பை ஒன்றுடன், பேருந்திலும் முன்பதிவில்லாத ரயில் பெட்டியிலும் சென்று பார்த்துவிட வேண்டும் என்று கடந்த ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையிலிருந்து தனியாகப் புறப்பட்டேன். தென்காசிக்கு அருகேயுள்ள சுந்தரபாண்டியபுரம், காரையாறு, தக்கலையை ஒட்டிய பத்மநாபபுரம் அரண்மனை, ஆலப்புழைக்குப் பக்கத்தில் புளிங்குன்னு, திருப்பூணித்துறை, வடக்கே காசர்கோடு மாவட்டத்துப் பேக்கல் கோட்டை, திரும்பும் வழியில் அதிரப்பள்ளி, அங்கிருந்து காட்டுச் சாலை வழியாக வால்பாறை, பொள்ளாச்சி என்று வழித்தடத்தை வகுத்திருந்தேன். இதற்கென 9,000 ரூபாய் ஒதுக்கியிருந்தேன். வீடு திரும்பியபோது செலவு 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. பார்க்க நினைத்தவற்றில் சிலவற்றைப் பார்க்கவும் முடியவில்லை. எந்தப் படம் எங்கே எடுக்கப்பட்டது என்று சொல்லும் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அந்த இடம் எந்தக் கிழமையில் பூட்டியிருக்கும், எந்த மாதத்தில் வழி அடைபடும், தனியாக வரும் பெண்ணுக்கு அங்கே இரவில் அறை கிடைக்குமா என்று சொல்லும் குறிப்பு ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் அடி தென்காசியிலேயே விழுந்தது. இணையச் செயலி ஒன்றில் விடுதி அறைக்கு முழுத் தொகையாக 1,150 ரூபாய் முன்கூட்டியே கட்டியிருந்தேன். பகல் முழுவதும் பேருந்தில் வந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் விடுதி வரவேற்பறையில் நின்றபோது, அங்கிருந்தவர் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்லைம்மா, ஓனர் சொல்லியிருக்காரு” என்றார். பணம் கட்டிய ரசீதைக் காட்டியும் பயனில்லை. குற்றாலச் சாரல் சீசன் உச்சத்தில் இருந்ததால் சுற்றியிருந்த விடுதிகளில் குடும்பங்கள் நிறைந்திருந்தன. காலியாக இருந்த இடங்களிலும் அதே பதில்தான் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் உணர்ந்த பயத்தையும் அவமானத்தையும் இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த அக்கா ஒருவர், “இந்நேரத்துல எங்கம்மா போவ?” என்று கேட்டு, தனக்குத் தெரிந்த குடும்ப விடுதிக்குத் தொலைபேசியில் பேசி அறை வாங்கிக் கொடுத்தார். சீசன் வாடகை 1,800 ரூபாய். முன்பு கட்டிய பணம் திரும்பவே இல்லை. விருந்தினர் வந்து சேரவில்லை என்று அந்த விடுதியில் பதிவு செய்துவிட்டிருந்தார்கள்.

தனியாகச் செல்பவர்கள், பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும்கூட, இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. செயலியில் அறை காட்டுகிறது என்பதாலேயே அந்த அறை உங்களுக்குக் கிடைக்கும் என்று பொருளில்லை. விடுதிக்கே நேரடியாகத் தொலைபேசியில் பேசி, “ஒருவர் மட்டும் தங்க வருகிறேன், இந்த ஊர்க்காரர் அல்ல, இரவு இத்தனை மணிக்கு வருவேன்” என்று சொல்லி, சம்மதத்தை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பணம் கட்டும் வசதி உள்ள இடத்தையே தேர்ந்தெடுங்கள். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள ஓய்வறைகளும் படுக்கைக் கூடங்களும் தனியாளுக்கு மிகவும் பாதுகாப்பானவை, வாடகையும் குறைவு. ஆனால் அவற்றை இணையத்தில் பதிவு செய்ய உறுதியான முன்பதிவுப் பயணச்சீட்டின் எண் வேண்டும். பொதுப்பெட்டிச் சீட்டை வைத்துக்கொண்டு பதிவு செய்ய முடியாது. பொதுப்பெட்டியில் போய் மிச்சம் பிடிக்கும் தொகையைவிட, இரண்டாம் வகுப்பு இருக்கை ஒன்றை முன்பதிவு செய்து ஓய்வறையில் தங்கினால் மிச்சமாகும் தொகை பெரிது என்பதை நான் பிறகுதான் கணக்கிட்டுப் பார்த்தேன்.

மறுநாள் சோர்வில் எழுவதற்கே நேரமாகிவிட்டதால் சுந்தரபாண்டியபுரம் ஒரு நாள் தள்ளிப்போனது. 1992இல் வெளியான ‘ரோஜா’ படத்தின் கிராமம் இதுதான். ஊருக்கு வெளியே, ‘அந்நியன்’ படப் பாடலுக்காக முகங்கள் தீட்டப்பட்ட பாறையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், தென்காசியைச் சுற்றிய பகுதிகளில் பெண்கள் செலவே இல்லாமல் நிறையச் சுற்றலாம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே சூரியகாந்தி பூக்கிறது. கேரளத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பூத்த வயல்கள் யாவும் விவசாயிகளின் சொந்த நிலம். நான் சென்ற வயலின் வரப்பில் நின்றிருந்த பெரியவர், உள்ளே இறங்குவதற்கு ஒரு சிறு தொகை கேட்டார். படம் எடுக்க வருபவர்கள் மிதித்து ஒடித்த செடிகளைக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த வருத்தத்தைப் பார்த்து, கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். வயலில் இறங்குவதற்கு முன் கேளுங்கள். வரப்பில் நின்று எடுத்தாலே படம் நன்றாகத்தான் வருகிறது.

‘ரோஜா’ படத்தில் வரும் பாணதீர்த்த அருவியைப் பார்க்கலாம் என்று பாபநாசம் வழியாகக் காரையாறுக்குப் பேருந்து ஏறினேன். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. முன்பு காரையாறு அணையிலிருந்து படகில் அருவிக்கு அழைத்துச் சென்றார்கள். நான் போனபோது அந்தப் படகுச் சவாரி நிறுத்தப்பட்டிருந்தது, நடந்து செல்லவும் அனுமதி இல்லை. அணைக்கரையில் நின்று நீரைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பினேன். படம் எடுக்கப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட காட்டுப் பகுதிகளில், அன்று படக்குழு சென்ற வழி இன்று பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை. வனத்துறையின் பாபநாசம் சோதனைச்சாவடியிலோ அம்பாசமுத்திரத்திலோ விசாரித்துவிட்டு அதன் பிறகு பேருந்து ஏறியிருந்தால் அரை நாள் மிஞ்சியிருக்கும்.

தென்காசியில் போன அந்த ஒரு நாள் அடுத்த ஊரில் இன்னொரு நாளை விழுங்கியது. ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதாக இருந்த பத்மநாபபுரம் அரண்மனையின் வாசலில் திங்கட்கிழமை காலையில் போய் நின்றேன். திங்கட்கிழமைகளில் அரண்மனைக்கு விடுமுறை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள அரண்மனை இது. மற்ற நாள்களிலும் நடுப்பகலில் உணவு இடைவேளைக்காக நுழைவை நிறுத்துகிறார்கள், மாலையிலும் சீக்கிரமே மூடிவிடுகிறார்கள். நாகர்கோவிலில் 900 ரூபாய்க்கு ஓர் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் மீண்டும் வந்தேன். பூட்டிய வாசலில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது உண்மை. ஆனால் மறுநாள் காலை முதல் ஆளாக உள்ளே நுழைந்து, மரச் செதுக்கு வேலைகளையும், முகம் தெரியும் அளவுக்கு மெருகேறிய கருந்தரையையும் யாருமில்லாமல் பார்க்கக் கிடைத்த அரை மணி நேரத்துக்காக அந்த 900 ரூபாயை மனமுவந்து கொடுத்துவிடலாம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1993இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழு’ படத்தில் ஒரே மாளிகையாகத் தோன்றும் வீடு, பத்மநாபபுரம் அரண்மனையும் கொச்சியை அடுத்த திருப்பூணித்துறை ஹில் பேலஸும் சேர்ந்தது. திரையில் ஒருவர் ஒரு கதவைத் திறந்து அடுத்த அறைக்குள் நுழைவதற்கும், நாம் அதே இரண்டு இடங்களையும் பார்ப்பதற்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த இடைவெளிக்கான பயணச்சீட்டு, உணவு, ஓர் இரவின் வாடகை ஆகியவற்றை நாம்தான் கொடுக்கிறோம். இரண்டு அரண்மனைகளுக்கும் விடுமுறை திங்கட்கிழமைதான் என்பதால், இந்தப் படத்துக்காக மட்டும் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை தெற்கே தொடங்கி வடக்கே நகர்வது நல்லது. திருப்பூணித்துறை வரை இப்போது கொச்சி மெட்ரோ ரயில் ஓடுகிறது. எர்ணாகுளத்திலிருந்து ஆட்டோ தேவையில்லை.

முதுகுப் பை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரண்மனைகளுக்குள் பெரிய பையைச் சுமந்து செல்ல விடுவதில்லை. ரயில் நிலையப் பொருட்காப்பறையில் வைத்துவிட்டு வரலாம் என்று எண்ணிச் சென்றால், பூட்டு இல்லாத பையை அங்கே ஏற்றுக்கொள்வதில்லை; பயணச்சீட்டும் கேட்கிறார்கள். என் பையின் ஜிப்பில் பூட்டு மாட்ட இடமே இல்லை. நிலையத்துக்கு வெளியே ஒரு சிறு சங்கிலியும் பூட்டும் வாங்கி, பையைச் சுற்றிக் கட்டிக் காட்டிய பிறகே வாங்கிக்கொண்டார்கள். ஜிப் முனைகள் இரண்டும் இணைந்து பூட்டக்கூடிய பையை வீட்டிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய பயணத்தின் சீட்டை ஊர் மாறும் வரை எறிந்துவிடாதீர்கள்.

ஆலப்புழையில்தான் முதன்முறையாகச் செலவு திட்டத்துக்குக் கீழே நின்றது. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ படத்தின் தேவாலயக் காட்சிகள் குட்டநாட்டில் புளிங்குன்னு என்ற ஊரின் புனித மரியன்னை தேவாலயத்தில் எடுக்கப்பட்டவை. அங்கே போக வேண்டுமென்று படகுத்துறையில் விசாரித்தவுடனேயே தனியார் படகுக்காரர்கள் சூழ்ந்துகொண்டு ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்கள். கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு அதே துறையிலிருந்து அதே காயலின் வழியாகச் சில பத்து ரூபாய்க்குப் போகிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், மீன் கூடையோடு ஒரு சேச்சி, சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் ஆகியோருக்கு நடுவே உட்கார்ந்து, வீட்டு வாசலில் பாத்திரம் கழுவுபவர்களைப் பார்த்துக்கொண்டே சென்ற அந்தப் பயணத்தை, எந்தச் சொகுசுப் படகும் எனக்குத் தந்திருக்காது. புறப்படும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு, அது தவறினால் சாலை வழியே பேருந்து எங்கே கிடைக்கும் என்பதை. குட்டநாடு கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலம். மழை வலுத்து நீர் ஏறினால் படகும் நிற்கும், சாலையும் நிற்கும். தேவாலயத்தில் அன்று ஓர் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. படக்கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்து, எல்லோரும் கிளம்பிய பின் வெளியிலிருந்து மட்டும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். நம் நினைவில் அது ஒரு காதல் காட்சியின் இடம்; அங்கிருப்பவர்களுக்கு அது அவர்களுடைய கோயில்.

எர்ணாகுளத்தில் இன்னொரு முழு நாள் போனது. மும்பை நோக்கிச் செல்லும் ரயில் ஒன்றில் காசர்கோடு வரை பொதுப்பெட்டியில் போக எண்ணி, ஒரு பயணக் குறிப்பில் கண்ட நேரத்தை நம்பி நிலையத்துக்குச் சென்றேன். வண்டி சில மணி நேரத்துக்கு முன்பே போயிருந்தது. மலைச்சரிவுகளில் வேகத்தைக் குறைத்து ஓட்டவேண்டியிருப்பதால், கொங்கண் ரயில்வே ஒவ்வோர் ஆண்டும் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை தனி மழைக்கால அட்டவணையைப் பின்பற்றுகிறது. அதனால் கொங்கண் பகுதிக்கு வெகு தொலைவில் இருக்கும் கேரள நிலையங்களிலும் அந்த வண்டிகளின் நேரம் மாறுகிறது. கேரளத்துக்குள் மட்டும் பயணம் செய்யும் நமக்கு இது தோன்றவே தோன்றாது. மற்ற வண்டிகளில் நிற்கவும் இடமில்லாமல், 1,100 ரூபாய் கொடுத்து அறை எடுத்தேன். மழைக்காலத்தில் எந்த ரயில் நேரத்தையும் அதே நாளில் அதிகாரப்பூர்வச் செயலியில் பார்த்து உறுதி செய்யாமல் நகராதீர்கள்.

அன்று மாலை எர்ணாகுளத்தில் பேச்சுவாக்கில் கேட்ட ஒரு செய்தியும் பயன்படும். 2024இல் வெளியான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தைப் பார்த்துவிட்டுக் குணா குகையைக் காணக் கொடைக்கானலுக்குக் கூட்டம் படையெடுக்கிறது. அந்தக் குகைக்குள் யாரும் இறங்க முடியாது. கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். படத்தில் வரும் குகையின் உட்புறக் காட்சிகள் பெரும்பாலும் எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூரில் அமைக்கப்பட்ட படப்பிடிப்பு அரங்கில் (செட்) எடுக்கப்பட்டவை. ‘பம்பாய்’ படத்தின் கலவரத் தெருக்களும் சென்னையில் எழுப்பப்பட்ட அரங்கம்தான். ஒரு காட்சிக்காக ஓர் ஊருக்குப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன், அது அங்கே எடுக்கப்பட்டதா, அரங்கில் எடுக்கப்பட்டதா என்று ஒளிப்பதிவாளர் அல்லது கலை இயக்குநரின் நேர்காணல்களில் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். சொந்த வாகனத்திலோ வாடகைக் காரிலோ கொடைக்கானல், ஊட்டிக்குச் செல்பவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து மின்னணு அனுமதிச் சீட்டு கட்டாயம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பேக்கலைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் நிறைகிறது. காஞ்ஞங்காட்டில் இறங்கிக் கடலோரச் சாலைப் பேருந்தில் சென்றேன். பேக்கல் கோட்டை என்ற பெயரிலேயே சிறு ரயில் நிலையம் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் பாசஞ்சர் வண்டிகள்தான் நிற்கும். ‘பம்பாய்’ படத்தின் ‘உயிரே’ பாடலில் வரும் மழை, காற்று, கறுத்த கற்சுவர், கீழே கொந்தளிக்கும் கடல் எல்லாமே மழைக்காலத்துப் பேக்கல். என் பயணத்தில் மற்ற இடங்களில் வழியை மறித்த அதே மழை, இங்கே மட்டும் நான் தேடி வந்த காட்சியையே கொண்டுவந்து கொடுத்தது. கொத்தளத்தின் ஓரத்தில் நனைந்துகொண்டே வெகுநேரம் நின்றேன். குடை நிற்காது; மழைச்சட்டையும், கைப்பேசிக்கு நீர் புகாத உறையும், பிடிப்புள்ள காலணியும் வேண்டும். லாட்டரைட் கற்படிகள் பாசி பிடித்து வழுக்குகின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் முக்காலி வைத்துப் படமெடுக்கத் தனி அனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுப்பதற்குத் தடையில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது அதிரப்பள்ளி. 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் காதலர்கள் அருவியில் குதிக்கும் காட்சியைப் பார்த்த நாளிலிருந்து அந்த அருவியின் விளிம்பு என் மனத்தில் இருந்தது. சாலக்குடியில் இறங்கியபோது மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை அறிவித்திருந்தார்கள். கேரளத்தில் இந்த எச்சரிக்கை வந்தால் அருவிகளையும் மலைச் சுற்றுலா இடங்களையும் மூடிவிடுகிறார்கள். மேலும் ஓர் இரவு சாலக்குடியில் 1,000 ரூபாய் கொடுத்துத் தங்கி, நனைந்த துணிகளை மின்விசிறியின் கீழ் காயவைத்துக்கொண்டு, காய்ச்சல் வருவதுபோல் உடம்பு கனக்க, யாரிடமும் பேசக்கூட மனமில்லாமல் படுத்திருந்தேன். வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தால் அழுதுவிடுவேன் என்று அழைக்கவில்லை. மறுநாள் மழை சற்று விட்டதும் ஆட்டோ பேசிப் போனேன். அருவியின் அடிவாரத்துக்கு இறங்கும் பாதை மூடியே இருந்தது. சாலையோரத்திலிருந்து, பள்ளத்தாக்குக்கு அப்பால், செம்மண் நிறத்தில் விழும் அருவியைப் பார்த்தேன். வழுக்கும் பாறையில் தடுப்பைத் தாண்டிச் சென்ற இளைஞர்களை வனப் பணியாளர்கள் விசில் ஊதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஓரடி முன்னே எடுத்துவைக்க யாருக்கும் தோன்றக்கூடாது என்பதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

அங்கிருந்து வாழச்சால், மளுக்கப்பாறை வழியாக வால்பாறைக்குப் போகும் திட்டமும் நடக்கவில்லை. அது காட்டுச் சாலை. இருபுறமும் சோதனைச்சாவடிகள் உண்டு, மாலை ஆறு மணிக்கு மேல் விடுவதில்லை. பேருந்துகள் குறைவு, மளுக்கப்பாறையில் மாறியாக வேண்டும். மரம் விழுந்து வழி அடைபட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். சாலக்குடிக்கே திரும்பி, ரயிலில் பாலக்காடு போய், அங்கிருந்து பேருந்தில் பொள்ளாச்சியை அடைந்தேன். ஆட்டோ, கூடுதல் பேருந்து, ரயில் என்று இதற்கு மட்டும் 1,400 ரூபாய் போனது. பொள்ளாச்சியில் படங்களில் பார்த்த பெரிய வீடுகள் பல இன்றும் குடும்பங்கள் வாழும் வீடுகள் என்பதால், வாசலில் நின்று கேட்டு, இல்லை என்றால் நன்றி சொல்லித் திரும்பிவிட வேண்டும். நான் கேட்ட ஒரு வீட்டில் அன்று படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது; தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதே தடத்தில் போக விரும்புகிறவர்கள் இதை ஒரே பயணமாக வைத்துக்கொள்ளாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியும் பேக்கலின் மழையும் ஜூலை, ஆகஸ்டில்தான். இவற்றை மட்டும் அப்போது வைத்துக்கொள்ளலாம். அரண்மனைகள், புளிங்குன்னு, அதிரப்பள்ளி, வால்பாறைச் சாலை ஆகியவற்றை அக்டோபர் மழையும் ஓய்ந்த பிறகு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வைத்துக்கொள்ளுங்கள். அருவியில் தண்ணீர் குறைந்திருந்தாலும் அடிவாரம் வரை இறங்கிப் பார்க்கலாம். புறப்படும் முன் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி முன்னறிவிப்பைப் பாருங்கள். போட்ட கணக்கின் மேல் பாதித் தொகையைத் தனியாக, வேறொரு வங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது இல்லாததால் சாலக்குடியில் தோழி ஒருத்தியிடம் கடன் கேட்க வேண்டியிருந்தது. முதன்முறையாகத் தனியாகச் செல்பவர்கள் இவ்வளவு நீண்ட தடத்தை விட்டுவிட்டுக் காரைக்குடியில் தொடங்கலாம். கானாடுகாத்தான் அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும் என்றாலும், பல படங்களில் வந்த ஆத்தங்குடிப் பெரிய வீட்டைச் சிறு கட்டணத்தில் உள்ளே சென்று பார்க்கலாம். ஊர்களுக்கிடையே நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. படப்பிடிப்பு இருக்கும் நாள்களில் அந்த வீட்டையும் மூடிவிடுவார்கள் என்பதால், முந்தைய நாள் காரைக்குடியில் நீங்கள் தங்கும் இடத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.